நப்பின்னை வீட்டுக் கதவு

என் தங்கைக்குப் பெண் பிறந்தது. நட்சத்திரம் அனுஷம். ந, நி, நு, நே, இந்த நான்கில் ஒன்றில்தான் பெயர் தொடங்கவேண்டும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். தாய்மாமன் என்ற முறையில் மோதிரம் போடவும், மொட்டையடிக்கும்போது மடி கொடுக்கவும் எனக்கு உரிமை உண்டு. பெயர் வைப்பதில் கிடையாது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "நப்பின்னை" என்றேன்.

கூடத்தில் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன மச்சான், நாப்கினா?" என்றார் மாப்பிள்ளை.

"எங்க ஊர்ல நப்பின்னா எச்சக்கையால காக்கா ஓட்டாதவன்னு அர்த்தம்" என்றார் சம்பந்தியம்மா. மாப்பிள்ளையின் தம்பி அதற்குள் போனை எடுத்து இங்கிலீஷ் எழுத்துகளை எண்கணிதப்படி கூட்டிவிட்டான். இரண்டு பி, மூன்று என். மொத்தம் 35. அதையும் கூட்டினால் 8. எட்டு என்றால் சனி. வேறு பேச்சே இல்லை.

அம்மா மட்டும், "மார்கழில கதவைத் திறக்கமாட்டாளே, அவளா?" என்று கேட்டுவிட்டுக் குழந்தைக்கு வசம்பு உரைக்கப் போய்விட்டாள்.

அவளேதான். இரண்டாயிரம் வருஷத் தமிழில் இவ்வளவு பெரிய இடத்துச் சம்பந்தம் செய்துகொண்ட பெண் வேறு இல்லை. மாப்பிள்ளை சாட்சாத் கண்ணன். இருந்தும் அவள் பெயரை ஒரு குழந்தைக்கு வைக்க ஆளில்லை. குந்தவைக்கு ஆள் இருக்கிறது. கண்ணகிக்கு இருக்கிறது. ஊர் முழுக்கப் பழி சுமந்த மாதவிக்குக்கூடத் தெருவுக்கு ஒருத்தி இருக்கிறாள். நப்பின்னைக்கு மட்டும் எங்கே இடித்தது?

முதலில் பெயரைப் பிரிப்போம். 'ந' என்பது 'நல்' என்பதன் சுருக்கம், பழந்தமிழில் ஒரு மரியாதை ஒட்டு. இப்போது கொஞ்சம் வசதி வந்ததும் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொள்கிறார்களே, அந்த மாதிரி. கீரர் நக்கீரர் ஆனார், பூதனார் நப்பூதனார் ஆனார், தத்தனார் நத்தத்தனார் ஆனார். பெண்களும் விட்டுவைக்கவில்லை: நக்கண்ணையார், நச்செள்ளையார். மாறோக்கத்து அம்மையார் ஒருவருக்கு நப்பசலையார் என்று பெயர். பசலை என்றால் காதலனைப் பிரிந்த ஏக்கத்தில் மேனி வெளிறிப்போவது. அதற்கு முன்னால் ஒரு 'நல்ல'! இன்றைய கணக்கில் 'நல்ல ரத்தசோகை' என்று பெயர் வைத்த மாதிரி. அந்த அம்மாள் அதைப் பற்றியெல்லாம் அலட்டிக்கொள்ளாமல் சோழன் கிள்ளிவளவனையே பாடிவிட்டுப் புறநானூற்றில் உட்கார்ந்திருக்கிறார். எண்கணிதம் பார்த்ததாகத் தகவல் இல்லை.

'பின்னை'யில்தான் சண்டை. பின்னால் பிறந்தவள், அதாவது தங்கை என்று ஒரு கட்சி. அக்கா யார்? மூதேவி. வள்ளுவர் மரியாதையாகத் 'தவ்வை' என்று சொல்லிவிட்டுப்போன அதே அம்மாள். அவளுக்குத் தங்கை என்றால் திருமகள், ஆகவே பின்னை என்றால் லட்சுமிதான் என்பது இவர்கள் வாதம். அக்காவின் பேரைச் சொல்லித்தான் தங்கையை அடையாளம் காட்டவேண்டியிருக்கிறது பாருங்கள், எந்தக் குடும்பத்திலும் நடப்பதுதான். பின்னல் போட்ட கூந்தல்காரி என்று இன்னொரு கட்சி. இலக்கணக்காரர்கள் தங்கைக் கட்சிக்குத்தான் பலம் அதிகம் என்பார்கள். எனக்குப் பின்னல் கட்சியைப் பிடிக்கும். அவள் கூந்தல் வாசனையைப் பற்றி ஆண்டாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள் என்பதைத் தவிர என்னிடம் வேறு ஆதாரம் இல்லை.

நாகர்கோவில் பக்கம் இந்தப் பெயரைச் சுருக்கிக் கூப்பிடுவதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. "பின்னே" என்று குழந்தையைக் கூப்பிட்டால் தெருவில் போகிறவர் நின்று, "பின்னே ஒண்ணுமில்ல, சும்மா இப்படியே போறேன்" என்று பதில் சொல்வார்.

இனி கல்யாணம். பின்னையின் அப்பா கும்பன், யசோதைக்கு உடன்பிறந்தவர் என்கிறார்கள் வைணவப் பெரியவர்கள். அப்படியானால் கண்ணனுக்குத் தாய்மாமன். பின்னை அவனுக்கு முறைப்பெண். முறைமாப்பிள்ளைக்கு இந்த நாட்டில் தேர்வு வைத்த வழக்கம் உண்டா? வேட்டி கட்டத் தெரிந்தால் போதும். ஆனால் கும்பனுக்கு அக்காள் மகனைப் பற்றிய ரிப்போர்ட் நன்றாகத் தெரியும். வீடு வீடாக வெண்ணெய், ஆற்றங்கரையில் புடவை, உரலில் கட்டிப்போட்டால் உரலோடு ஓட்டம். பெண்ணைக் கொடுக்கிறேன் என்றும் சொல்லமுடியாது, மாட்டேன் என்றால் அக்கா முகத்தில் முழிக்கமுடியாது. இந்த நிலைமையில் ஒரு தகப்பன் என்ன செய்வான்? தொழுவத்தைத் திறந்துவிட்டான். ஏழு காளை. அடக்கினால் பெண்.

முல்லை நிலத்துச் சட்டப்படி இதில் தப்பே இல்லை. காளையின் கொம்புக்குப் பயப்படுகிறவனை அடுத்த பிறவியில்கூட ஆயர்பெண் தொடமாட்டாள் என்று கலித்தொகை கறாராகவே சொல்கிறது. என்ன, ஊரில் மற்றவனுக்கெல்லாம் ஒரு பெண்ணுக்கு ஒரு காளை. கண்ணனுக்கு மட்டும் ஏழு. தெரிந்த பையன் என்பதால் கூடுதல் வட்டி.

கண்ணன் ஏழையும் அடக்கிவிட்டான். ஆழ்வார்கள் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். நம்மாழ்வார், பெரியாழ்வார், திருமங்கை ஆழ்வார், யாரைத் திறந்தாலும் எங்கேயாவது ஏழு எருது நிற்கும், பக்கத்தில் பின்னை நிற்பாள்.

பாகவத புராணத்திலும் ஏழு காளைகள் வருகின்றன. அங்கே பெண் வேறு: கோசல நாட்டு ராஜா நக்னஜித்தின் மகள் சத்யா. கண்ணன் தன்னை ஏழு ஆளாக்கிக்கொண்டு, குழந்தை மரப்பொம்மையை இழுப்பதுபோல ஏழு காளைகளையும் ஒரே நேரத்தில் இழுத்துவந்து நிறுத்துகிறான். ஒரு காளையின் திமிலை ஒருவர்தான் பிடிக்கலாம் என்ற விதி அங்கேயும் மீறப்படவில்லை. அலங்காநல்லூர் கமிட்டியே ஒப்புக்கொள்ளும். இந்தக் காளைகளைத் தெற்கேயிருந்து வடக்கே ஓட்டிப்போனார்களா, வடக்கேயிருந்து இங்கே ஓட்டிவந்தார்களா என்பது அறிஞர்களுக்குள் விடவேண்டிய வழக்கல்ல. மணப்பாறைச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துத் தீர்க்கவேண்டியது.

நப்பின்னைக்கு முதல் பெரிய மேடை சிலப்பதிகாரத்தில் கிடைத்தது, கெட்ட நேரத்தில். மதுரைக்கு வெளியே ஆயர் சேரி. மாதரி வீட்டில் கண்ணகியை விட்டுவிட்டுக் கோவலன் சிலம்பு விற்கப் போயிருக்கிறான். சேரியில் பால் உறையவில்லை, உறியில் வெண்ணெய் உருகவில்லை, காளைகளின் கண்ணில் நீர், மாட்டு மணிகள் அறுந்து விழுகின்றன. ஏதோ கெடுதல் வருகிறது என்று தெரிந்ததும் மாதரி செய்த ஏற்பாடு, டான்ஸ் புரோகிராம். ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, ஏழு சுரத்தின் பெயரை வைத்து, குரல் என்றவளை மாயவன் ஆக்கி, இளி என்றவளைப் பலராமன் ஆக்கி, துத்தம் என்றவளைப் பின்னை ஆக்கிக் குரவை ஆடினார்கள். ஆடி முடிப்பதற்குள் ஊருக்குள் கோவலன் கதை முடிந்துபோயிருந்தது. காப்பியத்தில் அறிமுகமாகும் அன்றைக்கே இப்படி ஒரு சகுனம் அமைந்தால் எந்தப் பெயரும் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும்.

ஆனால் அவளுடைய உண்மையான ராஜ்ஜியம் மார்கழி மாதம்தான். திருப்பாவை மொத்தம் 30 பாட்டு. ஆயர்பாடிப் பெண்கள் விடியற்காலையில் வீடு வீடாகத் தோழிகளை எழுப்பிக்கொண்டு கூட்டமாக நந்தகோபன் வீட்டுக்கு வருகிறார்கள். வாசல்காரனைத் தாஜா செய்து உள்ளே நுழைந்ததும், பதினேழாம் பாட்டில் நந்தகோபனை எழுப்பி, யசோதையை எழுப்பி, கண்ணனை எழுப்பிக் கடைசியில் பலராமனையும் கூப்பிட்டாயிற்று. குடும்பம் மொத்தத்துக்கும் ஒரே பாட்டு. கதவு அசையவில்லை.

அப்புறம்தான் யாருக்கோ பொறி தட்டியிருக்கிறது. இந்த வீட்டில் தாழ்ப்பாள் யார் கையில் இருக்கிறது என்று பார்க்காமல் மாமனார், மாமியார், மூத்தார் என்று நேரத்தை வீணாக்கிக்கொண்டிருக்கிறோமே? உடனே அடுத்த மூன்று பாட்டும் மருமகளுக்கு. நூலில் பத்தில் ஒரு பங்கு.

முதல் பாட்டு முழுக்க ஐஸ். எந்த வீட்டு மருமகள், என்ன வாசனைக் கூந்தல், விரலில் பந்து, கையில் வளையல்! அந்த வளையல் குலுங்க வந்து திறக்கவேண்டும் என்று விண்ணப்பம். இரண்டாவது பாட்டில் பொறுமை போய்விட்டது. உள்ளே குத்துவிளக்கு எரிகிறது, தந்தக்கால் கட்டில், மெத்து மெத்தென்று படுக்கை, அதில் அவன் எங்கே எப்படித் தலைசாய்த்துப் படுத்திருக்கிறான் என்பது வரை வெளியே நிற்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இந்தப் பாட்டைத்தான் பெருமாள் சந்நிதியில் சின்னக் குழந்தைகளைக் கூட்டிவைத்துக் கோரஸாகப் பாடவைக்கிறோம். நல்லவேளை, பழைய தமிழ் யாருக்கும் புரிவதில்லை. ஒரு நிமிஷம்கூட அவனை எழுந்திருக்க விடமாட்டாயா என்று பெண்டாட்டியிடமே கேட்கிறார்கள்.

மூன்றாவது பாட்டு இருக்கிறதே, உலக இலக்கியத்தில் அதற்கு ஜோடி கிடையாது. பெண்கள் வைக்கும் கோரிக்கை: ஒரு விசிறி கொடு, ஒரு கண்ணாடி கொடு, உன் புருஷனையும் கொடு, நாங்கள் நீராடவேண்டும். இதே வரிசையில். பக்கத்து வீட்டில் காலங்கார்த்தாலே கதவைத் தட்டி, ஒரு டம்ளர் சர்க்கரை, கொஞ்சம் காபிப்பொடி, அப்படியே உங்க வீட்டுக்காரரையும் அனுப்பிவையுங்கள் என்று கேட்டுப்பாருங்கள்.

உரையாசிரியர்கள் அசரவில்லை. கதவு திறக்கத் தாமதம் ஆனதற்கு உள்ளே நடந்த காரணத்தையே கண்டுபிடித்துவிட்டார்கள்: பின்னை திறக்க எழுந்தாளாம், நம் ஆட்கள் வந்திருக்கிறார்கள், நானே திறக்கிறேன் என்று கண்ணன் கையைப் பிடித்து இழுத்தானாம். இரண்டு பேரும் நான் நான் என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் ஒருவரும் திறக்கவில்லையாம். ஐயாவைப் பார்க்கவேண்டுமானால் அம்மா வழியாகப் போவதுதான் முறை என்றும் விளக்குகிறார்கள். அம்மாவை விட்டு ஐயாவை மட்டும் கேட்டவள் சூர்ப்பணகை, மூக்கு போயிற்று. ஐயாவை விட்டு அம்மாவை மட்டும் கேட்டவன் ராவணன், தலையே போயிற்று, அதுவும் பத்து. எந்த அரசு அலுவலகத்துக்கும் பொருந்தும் சித்தாந்தம் இது. அங்கே நப்பின்னையை பி.ஏ. என்பார்கள்.

அந்தக் கதவு ஒருமுறை நிஜமாகவே திறந்தது, ஸ்ரீரங்கத்தில். ராமானுஜருக்குத் திருப்பாவையில் அவ்வளவு கிறுக்கு, பட்டப்பெயரே திருப்பாவை ஜீயர். பிட்சைக்குத் தெருவில் போகும்போதும் அதையே முணுமுணுத்துக்கொண்டு போவார். ஒருநாள் பதினெட்டாம் பாட்டை, வளையல் குலுங்கக் கதவு திறக்கச் சொல்லும் அதே பாட்டைச் சொல்லிக்கொண்டு அவருடைய ஆசாரியர் பெரிய நம்பியின் வீட்டு வாசலில் போய் நிற்கவும், உள்ளே இருந்து நம்பியின் பெண் வளையல் குலுங்கக் கதவைத் திறக்கவும் சரியாக இருந்தது. நப்பின்னையே வந்துவிட்டாள் என்று ராமானுஜர் தடாலென்று விழுந்துவிட்டார். பெண் பயந்துபோய் உள்ளே ஓடி அப்பாவிடம் சொல்ல, நம்பி பதறவே இல்லை. எந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டாராம். சில ஏடுகள் இந்தச் சம்பவத்தைத் திருக்கோட்டியூர் நம்பி வீட்டு வாசலுக்கு மாற்றி, பெண்ணையும் மாற்றிவிடுகின்றன. விழுந்தவர் மட்டும் இரண்டிலும் ஒருவரே.

பெரிய நம்பி பெண்ணின் பெயர் அத்துழாய். அழகிய துளசி. வைத்துக்கொள்ள ஆளில்லாமல் போன இன்னொரு பெயர். துளசி பிழைத்துக்கொண்டாள், அத்துழாய் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுடைய மாமியார் கதையைச் சொல்லாமல் என்னால் மேலே போகமுடியாது.

கல்யாணமாகிப் புகுந்தவீடு போன அத்துழாய், விடியுமுன் தனியாக ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போகப் பயந்து மாமியாரைத் துணைக்குக் கூப்பிட்டாள். துணைக்கு ஆள் வேண்டுமானால் சீதனமாக ஒரு வேலைக்காரியைக் கூட்டிவந்திருக்கவேண்டியதுதானே என்று மாமியார் ஒரு போடு போட்டாள். பெண் அழுதுகொண்டு அப்பாவிடம் வந்தாள். நம்பி, உன் அண்ணனிடம் போய்ச் சொல் என்று ராமானுஜரைக் கைகாட்டிவிட்டார். ராமானுஜர் பக்கத்தில் நின்றிருந்த முதலியாண்டானைப் பார்த்து, நீ போ என்றார். முதலியாண்டான் யார்? ராமானுஜரின் சகோதரி மகன், சாஸ்திரத்தில் மகா பண்டிதர். அவர் மறுபேச்சில்லாமல் சீதன வெள்ளாட்டியாகப் போய்த் தண்ணீர் சுமந்து, விறகு சுமந்து வேலை செய்தார். வேலைக்காரி கேட்ட இடத்தில் துணைவேந்தர் வந்து பாத்திரம் தேய்த்தால் எப்படி இருக்கும்? ஆள் யாரென்று தெரிந்ததும் சம்பந்தி வீட்டார் ஆடிப்போய், போதும் சாமி, அழைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார்களாம். வரதட்சணைக் கேஸ்களில் இவ்வளவு நேர்த்தியான தீர்ப்பை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

இப்படி ஆச்சாரியர்களையே கவிழ்த்த பெயர் எங்கே சறுக்கியது? முதல் இடி வடக்கேயிருந்து வந்தது. ராதை. பாகவத புராணத்தில் பெயர் சொல்லிக்கூட வராதவள். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழைய பிராகிருதப் பாட்டில் தலைகாட்டிக்கொண்டிருந்தவளை 12-ஆம் நூற்றாண்டில் ஜெயதேவர் கீத கோவிந்தத்தில் கதாநாயகி ஆக்கினார். அதற்கப்புறம் படம், பாட்டு, பஜனை, காலண்டர் எல்லாம் அவளுக்கே. தெற்கில் முறைப்படி மாமன் மகளை, காளை அடக்கி, ஊரறியக் கட்டினவன் கண்ணன். ஆனால் கட்டாத காதல்தான் ஊர் ஊராக ஓடியது. இது இன்றைக்கும் பட விநியோகஸ்தர்களுக்குத் தெரிந்த உண்மை. மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபத்தில் கண்ணனை ஒட்டி நிற்கும் பெண்ணை நப்பின்னை என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. நான் போனபோது கூட்டிப்போனவர் கொஞ்சமும் தயங்காமல் "ராதா" என்றார். சிலை செதுக்கி ஐந்நூறு வருஷம் கழித்துத்தான் ஜெயதேவர் எழுதுகிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் அடுத்த குகைக்குப் போய்விட்டார். அவ்வளவு ஏன், எங்கள் வீட்டுக் குழந்தையின் அனுஷத்துக்கு வடமொழியில் அனுராதா என்று பெயர். நட்சத்திரத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

வடமொழி தெரிந்த பெரியவர்கள் நப்பின்னையைக் கைவிட்டுவிடவில்லை, நீளாதேவி என்று பெயர் மாற்றி ஸ்ரீதேவி, பூதேவிக்கு அடுத்தபடியாக உட்காரவைத்தார்கள். பராசர பட்டர் திருப்பாவைக்கு எழுதிய தனியனே நீளா என்றுதான் தொடங்குகிறது. பெரிய பதவிதான். ஆனால் ஆள் போய்ப் பதவி மட்டும் மிஞ்சினது.

இரண்டாவது இடி இன்னும் வேடிக்கை. இருபதாம் நூற்றாண்டில் தனித்தமிழ் அலை அடித்தபோது ஊரெல்லாம் சிலப்பதிகாரத்தையும் சங்க இலக்கியத்தையும் புரட்டிப் பெயர் பொறுக்கினார்கள். தமிழ்ச்செல்வி, கயல்விழி, மணிமேகலை, கண்ணகி. நப்பின்னை அதே சிலப்பதிகாரத்தில் நிற்கிறாள், ஒட்டும் தமிழ், ஒட்டப்பட்டதும் தமிழ். எடுத்திருக்கலாம். புருஷன் பெயரைப் பார்த்ததும் கழகத்தார் புத்தகத்தை மூடிவிட்டார்கள். பக்தர் வீட்டிலாவது வைத்தார்களா? அங்கே வைஷ்ணவி, ஸ்ரீநிதி, ராதிகா என்று போய்விட்டார்கள். நப்பின்னை என்றால் மேடைப் பேச்சாளர் வீட்டுப் பெண் மாதிரி இருக்கிறதாம். சாமி கும்பிடுகிறவர்களுக்குத் தமிழ் கூடிப்போச்சு, தமிழ்க்காரர்களுக்குச் சாமி கூடிப்போச்சு. இரண்டு வீட்டுத் திண்ணையிலும் இடமில்லாமல் அவள் நடுத்தெருவில் நிற்கிறாள்.

ஒரு தொடர்கதை இருந்தால் பிழைத்திருப்பாள். கல்கி 1950-ல் பொன்னியின் செல்வனைத் தொடங்கி 1954-ல் முடித்தார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டுப் பிரசவ வார்டுகளில் வானதியும் பூங்குழலியும் வரிசையாக அழ ஆரம்பித்தார்கள். பூங்குழலி கல்கியின் கற்பனை. ஓடம் ஓட்டினாள், ஜெயித்தாள். நப்பின்னைக்கு ஏழு காளை இருந்தது, வாராவாரம் 'தொடரும்' போட ஒரு ஆள் இல்லை.

குழந்தைக்குக் கடைசியில் நிஹாஷிகா என்று பெயர் வைத்தார்கள். அர்த்தம் என்னவென்று கேட்டேன். ஒரு புத்தகத்தில் புன்னகை என்றும், இன்னொன்றில் விடியற்பனி என்றும் போட்டிருக்கிறதாம். மூன்றாவதில் லட்சுமி. கூட்டுத்தொகை சரியாக இருக்கிறது. பாட்டியால் அதைச் சொல்ல முடிவதில்லை, பல்செட் நழுவுகிறது. அவள் "ஏ பின்னே" என்றே கூப்பிட்டுப் பழக்கிவிட்டாள். குழந்தையும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறது.

போன மார்கழியில் ஒரு விடியற்காலை ரயிலிலிருந்து இறங்கி நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். தெருமுனைப் பெருமாள் கோவில் ஒலிபெருக்கியில் பதினெட்டாம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. காலிங்பெல் அடித்தேன், பதில் இல்லை. மறுபடி அடித்தேன். உள்ளே சின்னதாகக் காலடிச் சத்தம், அப்புறம் ஸ்டூல் இழுபடுகிற சத்தம், அப்புறம் தாழ்ப்பாள். நாலு வயசு நிஹாஷிகா, கலைந்த பின்னலோடு, கை நிறையத் திருவிழாக் கடைப் பிளாஸ்டிக் வளையல் குலுங்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

நான் விழவில்லை. எனக்கு முழங்கால் வலி. "அப்பா இன்னும் எந்திரிக்கல மாமா" என்றாள்.

"எழுப்பாதே" என்று சொல்லிவிட்டு, அவள் இறங்கிவருவதற்காக ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.